உடையும் பிராக்கெட், விலகும் கோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபி வேலை செய்கிறேன். எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடை பில், பெரம்பூர் டியூஷன் சென்டர் வினாத்தாள், ராயபுரத்து ஏற்றுமதிக்காரரின் சரக்குப் பட்டியல் என்று வேலை எதுவாக இருந்தாலும், ஒரு கட்டத்தில் "இந்தக் கோடு ஏன் சேரவில்லை?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. பக்கத்துக் கடைகளில் உட்காரும் பிள்ளைகளும் இதையே வந்து கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

பிராக்கெட்டும் கோடும் எழுத்துதானே? மற்ற எழுத்தெல்லாம் ஒழுங்காக வரும்போது இவை மட்டும் ஏன் தகராறு செய்கின்றன?

மற்ற எழுத்துகள் தனித்து நிற்பவை. 'க'வுக்கும் அடுத்த வரியில் உள்ள 'ம'வுக்கும் இடையே சற்று இடம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. பட்டியலுக்குக் கட்டம் போட எழுத்தாகவே அடிக்கும் கட்டக்கோடும் பெரிய பிராக்கெட்டின் துண்டும் அப்படியல்ல. மேலே, கீழே, பக்கத்தில் உள்ள துண்டைத் தொட்டால்தான் அவற்றுக்கு உருவமே வரும். இதைப் பாருங்கள்:

⎧
⎨
⎩

இது மூன்று எழுத்து. உங்கள் திரையில் இது ஒரே இரட்டை வளைவுப் பிராக்கெட்டாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். மூன்று துண்டாகத் தெரிந்தால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொது அட்டவணையான யூனிகோடில் கட்டக்கோடுகளுக்கு 2500 முதல் 257எஃப் வரை (பதினாறின் அடிமான எண்கள்) 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பிராக்கெட் துண்டுகள் 239பி என்ற இடத்தில் தொடங்குகின்றன. 2002-இல் வந்த 3.2 பதிப்பில்தான் அவை சேர்ந்தன. அவை ஒட்ட வேண்டுமானால் எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி, அகலம் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். எது தவறியது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதை விட்டுவிட்டு மவுஸால் நகர்த்தி ஒட்டவைத்தால், அடுத்த திருத்தத்தில் எல்லாம் மறுபடி பிரியும்.

கட்டத்தின் நெட்டுக்கோடு ஒவ்வொரு வரிக்கும் விட்டு விட்டு வருகிறது. சாஃப்ட்வேர் கோளாறா?

இல்லை, லீடிங், அதாவது வரி இடைவெளி. பக்கம் அமைக்கும் மென்பொருள்களான பேஜ்மேக்கரிலும் இன்டிசைனிலும் ஆட்டோ லீடிங் என்பது எழுத்தளவில் 120 விழுக்காடு. 12 பாயின்ட் எழுத்துக்கு வரி இடைவெளி 14.4 பாயின்ட் ஆகிறது. கோட்டுத் துண்டின் உயரம் ஏறக்குறைய 12 பாயின்ட் என்றால், மீதமுள்ள 2.4 பாயின்ட்தான் உங்கள் கண்ணில் படும் வெள்ளை. லீடிங்கை 12 ஆக்குங்கள், கோடு சேர்ந்துவிடும். சில எழுத்துருக்களில் துண்டு எழுத்தளவைவிடச் சற்று உயரமாக இருக்கும். அவற்றில் 13 வரை தாங்கும்.

வேர்டில் 'சிங்கிள்' வைத்தேன், போதாதா என்று கேட்பார்கள். போதாது. அங்கே சிங்கிள் என்பது எழுத்துரு சொல்லும் அளவு, நீங்கள் சொல்லும் அளவல்ல. வரி இடைவெளியில் 'எக்ஸாக்ட்லி' என்பதைத் தேர்ந்து, பாயின்ட் எண்ணை நீங்களே கொடுங்கள். பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைச் சுழியமாக்கவும் மறக்க வேண்டாம்.

தமிழ் இருக்கும் வரியில் மட்டும் கோடு உடைகிறது. ஆங்கிலம் மட்டும் உள்ள வரி சரியாக இருக்கிறது. தமிழுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

கோடு ஒரு எழுத்துருவிலிருந்து வருகிறது, தமிழ் வேறொன்றிலிருந்து வருகிறது. நீங்கள் தேர்ந்த கூரியர் நியூவில் தமிழ் கிடையாது. அதனால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறு தமிழ் எழுத்துருவை அழைத்துக்கொள்கிறது. கீ, கூ போன்றவை மேலும் கீழும் இடம் கேட்பதால் தமிழ் எழுத்துருக்கள் உயரமான வரியை எதிர்பார்க்கின்றன. ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் அந்த வரி முழுவதும் உயர்ந்துவிடும். கோட்டுத் துண்டு மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும்.

மருந்து முந்தைய பதிலில் சொன்னதுதான்: வரி உயரத்தை எண்ணாகக் கட்டிவிடுங்கள். ஒரு பக்கவிளைவு உண்டு. இடம் இறுகும்போது 'கீ'யின் சுழி மேலே வெட்டுப்படும், 'கூ'வின் வால் கீழ்வரியில் இடிக்கும். அப்போது தமிழை மட்டும் ஒன்று அல்லது ஒன்றரை பாயின்ட் குறையுங்கள். கோட்டின் அளவைத் தொடாதீர்கள்.

நெட்டுக்கோடு சேர்ந்துவிட்டது. ஆனால் வலப்பக்கக் கோடு பாம்பு போல வளைகிறது. ஸ்பேஸ் தட்டித் தட்டிச் சரிசெய்தாலும் பிரின்ட்டில் மறுபடி வளைகிறதே?

கட்டக்கோடுகள் தட்டச்சுப்பொறி போல எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற கணக்கில் பிறந்தவை. தமிழுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 'ர' எவ்வளவு ஒல்லி, 'ணை' எவ்வளவு அகலம் என்று பாருங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் ஒன்று தொளதொளக்கும், இன்னொன்று பிதுங்கும்.

புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பொறி இருக்கிறது. 'ஜமுக்காளம்' என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோட் கணக்கில் அது 10 குறியீடு, ஏனென்றால் உகரக் கொம்பும் காலும் இரண்டு புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. யூனிகோடை ஃபைலில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட் கணக்கில் 30. பில் புரோகிராம் "20 இடம் வரை ஸ்பேஸால் நிரப்பு" என்றால், எதை எண்ணி நிரப்புகிறது? பைட்டை எண்ணினால் 'ஜமுக்காளம்' ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டது. குறியீட்டை எண்ணினால் பத்து ஸ்பேஸ் சேர்க்கும், அது கண்ணுக்குப் போதாது. எழுத்தை எண்ணினாலும் அகல வேறுபாடு அப்படியேதான் இருக்கும். ஆக, ஸ்பேஸால் இதைத் தீர்க்கவே முடியாது. டேப் ஸ்டாப் வைத்து, வலப்பக்கக் கோட்டை அந்த டேப்புக்குப் பின்னால் போடுங்கள்.

அப்படியென்றால் கோட்டை எழுத்தாகப் போடாமல் டேபிளாகவே போட்டுவிடலாமே?

தாராளமாக. வேர்டு, இன்டிசைன், லிப்ரே ஆபீஸ் எதுவானாலும் தமிழ்ப் பட்டியலுக்கு டேபிள்தான் முறை. கட்டக்கோட்டு எழுத்து தேவைப்படுவது டாட் மேட்ரிக்ஸ் பில், லினக்ஸ் டெர்மினல் (எழுத்து மட்டும் காட்டும் கட்டளைத் திரை), வெறும் எழுத்து ஃபைல் ஆகிய இடங்களில்தான். வேறெங்கும் அதைக் கட்டி மாரடிப்பது வீண் வேலை.

பழைய பில் புரோகிராமின் ஃபைலைத் திறந்தால், கோடு இருக்க வேண்டிய இடத்தில் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ஏ வரிசையாக நிற்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் எழுத்து அட்டவணையான கோட் பேஜ் 437-இல், 179 முதல் 218 வரை கட்டக்கோடுகள். படுக்கைக்கோடு 196, நெட்டுக்கோடு 179. விண்டோஸ் தன் 1252 அட்டவணையை வைத்துப் படித்தால் 196 அந்தப் புள்ளி வைத்த ஏ ஆகும், 179 மேலே தூக்கிய சின்ன மூன்று ஆகும். மேல் வலது மூலை 191; அது தலைகீழ்க் கேள்விக்குறியாக வந்து நிற்கும். எண்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. படிக்கும் அட்டவணைதான் தவறு. ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கில் 437-ஐத் தேர்ந்து, பிறகு யூனிகோடாகச் சேமியுங்கள்.

சில கடைகளில் கோட்டுக்குப் பதில் தமிழ் எழுத்து வருகிறது என்பார்கள். அதுவும் இதே கதைதான். யூனிகோடு பரவும் முன் தமிழுக்கு எண் கொடுத்த டிஸ்கி முறையும், 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாப் முறையும் 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்தன. கோடும் தமிழும் ஒரே எண்ணுக்கு உரிமை கொண்டாடுகின்றன. இரண்டும் கலந்த ஃபைலாக இருந்தால் மாற்றி மாளாது. பட்டியலைப் புதிதாக அடிப்பதே சீக்கிரம் முடியும்.

மாறாக, தொப்பி போட்ட ஆங்கில ஏ மூன்று எழுத்துக்கு ஒருமுறை வந்தால் அது வேறு நோய்: யூடிஎஃப்-8 ஃபைலை 1252 என்று நினைத்துத் திறந்திருக்கிறீர்கள். டெர்மினலில் கட்டத்தின் மேல்விளிம்பு 'எல், கியூ, கியூ, கே' என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளாக வந்தால், 1978-இல் வந்த விடி100 டெர்மினலின் பழக்கம் அது. அதில் கோடுகளுக்குத் தனி எழுத்துத் தொகுதி உண்டு. அதற்கு மாறச் சொல்லும் கட்டளை வழியில் தொலைந்திருக்கிறது.

டாட் மேட்ரிக்ஸில் கோட்டுக்குப் பதில் சாய்ந்த எழுத்து அடிக்கிறது. ஒருவழியாகக் கோடு வந்தாலும் இடைவெளி விழுகிறது. பிரின்டரை மாற்றிவிடலாமா?

கார்பன் காப்பி வேண்டும் என்று நிற்கும் வியாபாரி மாற்ற மாட்டார். மாற்றவும் தேவையில்லை. எப்சன் வகை பிரின்டர்களில் 128-க்கு மேற்பட்ட மேல்பாதி எழுத்துகளுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: ஒன்று சாய்வெழுத்து, மற்றது கோடுகள் உள்ள கிராஃபிக்ஸ் அட்டவணை. பழைய மாடலில் டிப் சுவிட்ச், புதியதில் அமைப்பு மெனு வழியாக கிராஃபிக்ஸ் அட்டவணைக்கு மாற்றுங்கள்.

இடைவெளிக்குக் காரணம் ஊசி. ஒன்பது ஊசி பிரின்டரில் ஊசிக்கு ஊசி 1/72 அங்குலம். ஒன்பதையும் சேர்த்தால் உயரம் 1/8 அங்குலம்தான். வரியோ அங்குலத்துக்கு ஆறு, அதாவது 1/6 அங்குலம். எஞ்சும் இடத்தை அடைக்க ஊசி இல்லை. அங்குலத்துக்கு எட்டு வரி என்று வைத்தால் கோடு சேரும். பக்கத்தில் அதிக வரி இறங்கும் என்பதால் பில் ஃபாரத்தின் நீளத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வினாத்தாளில் அணிக்கு (மேட்ரிக்ஸ்) பெரிய பிராக்கெட் வேண்டும். சாதாரண பிராக்கெட்டையே 36 பாயின்ட் ஆக்கினேன். உயரம் வந்தது, ஆனால் அசிங்கமாக இருக்கிறது. ஏன்?

உயரத்தோடு தடிமனும் மூன்று மடங்கானதால். 12 பாயின்ட் எண்களுக்குப் பக்கத்தில் அந்தப் பிராக்கெட் தூண் மாதிரி நிற்கும். அகலத்தை மட்டும் நசுக்கிச் சரிசெய்பவர்களும் உண்டு. அப்போது நெட்டுக்கோடு மெலியும், மூலையின் படுக்கைக்கோடு தடியாகவே இருக்கும். பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும்.

கணிதம் அச்சிடும் மென்பொருள்கள் பிராக்கெட்டை இழுப்பதில்லை. டொனால்ட் நூத் 1978-இல் வெளியிட்ட டெக் இதற்கு ஒரு நல்ல வழி செய்தது. தடிமன் அதிகம் மாறாமல் உயரம் மட்டும் கூடும் சில பிராக்கெட்டுகளை முதலில் தேடும். அவையும் போதாவிட்டால் மேல்துண்டு, கீழ்த்துண்டு, இடையில் வேண்டிய அளவு நீட்சித் துண்டு என்று அடுக்கும். இன்றைய ஓபன்டைப் கணித எழுத்துருக்களும் அதே வழியில்தான் போகின்றன. வேர்டு 2007 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஈக்வேஷன் எடிட்டரும் கேம்ப்ரியா மேத் எழுத்துருவும் இதைத் தாமே செய்துவிடும். 11-ஆம் வகுப்பு அணிகளுக்கு அதுவே தாராளம்.

நான் பேஜ்மேக்கரில்தான் வேலை செய்கிறேன். சிம்பல் ஃபான்டில் துண்டுகளை அடுக்கிப் பார்த்தேன். நடுவில் வெள்ளை விழுகிறது, சில சமயம் துண்டு பக்கவாட்டில் விலகுகிறது.

2001-இல் வந்த 7.0-வோடு நின்றுபோன மென்பொருளை இன்னும் எத்தனை பேர் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மரியாதையே வருகிறது. சரி, வேலைக்கு வருவோம். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, முன்னால் ஒரு சுழியம் சேர்த்து எண்ணைத் தட்டுங்கள். வளைவுப் பிராக்கெட்டின் இடப்பக்கத்துக்கு 230, 231, 232. சதுரத்துக்கு 233, 234, 235. இரண்டிலும் மேல், நீட்சி, கீழ் என்பது வரிசை. இரட்டை வளைவுக்கு 236 மேல், 237 நடு, 238 கீழ், 239 நீட்சி. வலப்பக்கத்துக்கு வளைவு 246 முதல் 248, சதுரம் 249 முதல் 251, இரட்டை வளைவு 252 முதல் 254. நீட்சித் துண்டு 239 இரட்டை வளைவின் இரு பக்கத்துக்கும் பொது.

இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் எழுத்தளவுக்குச் சற்றே கூடுதலான உயரத்தில் வரையப்பட்டவை. எனவே 12 பாயின்ட் துண்டுக்கு லீடிங் 12, அவ்வளவுதான். ஆட்டோவில் விட்டால் இரண்டாவது கேள்வியில் பார்த்த அதே 2.4 பாயின்ட் வெள்ளை. இரட்டை வளைவில் நடுத்துண்டுக்கு மேலே எத்தனை நீட்சியோ கீழேயும் அத்தனை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு நடுவில் நிற்காது.

பக்கவாட்டு விலகலுக்குப் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் ஸ்பேஸ் காரணம். ஒரு பிராக்கெட்டின் துண்டுகள் எல்லாம் ஒரே அகல ஒதுக்கீடு கொண்டவை, தாமாக விலகாது. பத்தியை நடுவில் நிறுத்தி, ஒரு வரியின் இறுதியில் மட்டும் ஸ்பேஸ் விழுந்திருந்தால் அந்தத் துண்டு இடப்பக்கம் நகரலாம். இடப்பக்க ஒழுங்குக்கு மாற்றி, முதல் வரி இன்டென்டைச் சுழியமாக்குங்கள்.

லினக்ஸில் க்ராஃப் (groff) என்ற பக்க அமைப்பு மென்பொருள் கொண்டு புராஜெக்ட் அறிக்கை செய்கிறேன். பிடிஎஃப்பில் பிராக்கெட் சரியாக இருக்கிறது, டெர்மினலில் பார்த்தால் அணிக்கு நேராக நிற்கவில்லை. ஏன்?

பிடிஎஃப்பில் துண்டை எத்தனை நுண்ணிய அளவுக்கும் ஏற்றி இறக்கலாம். டெர்மினலில் முழு வரிதான் உண்டு, அரை வரி இல்லை. பிராக்கெட்டை அணியின் நடுவுக்குக் கொண்டுவர அரை வரி தேவைப்பட்டால் அது ஒரு முழு வரிக்குத் தாவும். டெர்மினலில் இதைச் சரிசெய்ய முயன்று இரவைக் கழிக்காதீர்கள். ஆசிரியரிடம் பிடிஎஃப்பைக் கொடுங்கள்.

திறக்கும் பிராக்கெட் ஒரு மாதிரி, மூடும் பிராக்கெட் வேறு மாதிரி வருகிறது. ஒரே விசைப்பலகையில்தானே அடித்தேன்?

பிராக்கெட்டுக்குச் சொந்த மொழி கிடையாது. யூனிகோட் அதை எல்லா எழுத்துமுறைக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. மென்பொருள் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து எந்த எழுத்துரு என்று முடிவெடுக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குப் பின் திறந்து, தமிழ்ச் சொல்லுக்குப் பின் மூடினால், முன்னது ஆங்கில எழுத்துருவில் மெலிந்தும் பின்னது தமிழ் எழுத்துருவில் தடித்தும் வரும். ஜோடிப் பிராக்கெட்டுகள் ஒன்றாகப் போக வேண்டும் என்று யூனிகோட் பரிந்துரைத்தாலும் எல்லா மென்பொருளும் கேட்பதில்லை.

கைக்கு எளிய வழி: வேலை முடிந்ததும் எல்லாப் பிராக்கெட்டுகளையும் தேடி மாற்றும் வசதியால் ஒரே எழுத்துருவுக்குக் கொண்டுவாருங்கள். இன்டிசைனில் கிரெப் ஸ்டைல் இருக்கிறது, 2008-இல் வந்த சிஎஸ்4 முதல். பத்தி ஸ்டைலில் ஒருமுறை எழுதிவைத்தால், புதிதாக அடிக்கும் பிராக்கெட்டும் தானே அந்த எழுத்துருவுக்கு வந்துவிடும். 'கு', 'கூ' பக்கத்தில் பிராக்கெட் மேலே தூக்கி நிற்கிறது என்பவர்களும் அதே ஸ்டைலில் பேஸ்லைனை அரை பாயின்ட் இறக்கிக்கொள்ளலாம்.

பாமினி எழுத்துருவில் சதுரப் பிராக்கெட் தட்டினால் கிரந்த எழுத்து வருகிறது. என்ன செய்வது?

அந்த எழுத்துரு அந்த விசையைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டது. பிராக்கெட்டை மட்டும் ஆங்கில எழுத்துருவில் அடியுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றும்போது அந்த ஆங்கிலப் பகுதியைத் தனியே எடுத்துவையுங்கள். மொத்தமாக மாற்றினால் அந்தப் பிராக்கெட்டும் தமிழெழுத்தாகிவிடும்.

பிடிஎஃப்பில் துண்டுக்குத் துண்டு மயிரிழை அளவு வெள்ளைக்கோடு தெரிகிறது. பிரின்ட்டில் வராது என்று சொன்னால் வாடிக்கையாளர் நம்பவில்லை. எப்படி நிரூபிப்பது?

பெரிதாக்கிக் காட்டுங்கள். 100 விழுக்காட்டில் தெரிந்த வெள்ளை 800 விழுக்காட்டிலும் அதே மயிரிழையாகவே இருந்தால், அது திரை செய்யும் வேலை. விளிம்பை மழுமழுப்பாகக் காட்டத் திரை இரண்டு துண்டின் ஓரப் புள்ளிகளையும் தனித்தனியாகச் சாம்பலாக்குகிறது. இரண்டு சாம்பல் சேர்ந்தாலும் முழுக் கறுப்பாகாது. பெரிதாக்கப் பெரிதாக்க வெள்ளையும் எட்டு மடங்கு அகலமானால் அது நிஜமான இடைவெளி, அச்சுப் பிளேட்டிலும் வரும். அதற்கு லீடிங்கைப் பாருங்கள்.

நல்ல கணித எழுத்துருக்கள் இதைத் தவிர்க்கவே துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவைத் தம்முள் எழுதிவைத்திருக்கின்றன. கையால் அடுக்குபவர்கள் லீடிங்கை 12-க்குப் பதில் 11.8 ஆக்கினால் அதே பலன் கிடைக்கும். அச்சில் அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது.

என் கணினியில் எல்லாம் சரி. பிரஸ்ஸில் பிளேட் எடுத்தபோது மட்டும் பிராக்கெட் கலைந்துவிட்டது. யார்மேல் தப்பு?

பெரும்பாலும் யார்மேலும் இல்லை. பிரஸ் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. மூல ஃபைலைக் கொடுத்தால் அந்தக் கணினி தன்னிடம் உள்ள வேறொன்றை மாட்டும். சாதாரண எழுத்தில் அந்த வித்தியாசம் தப்பித்துவிடும், துண்டுகளில் உடனே காட்டிக்கொடுக்கும். பிடிஎஃப் கொடுங்கள். கொடுக்கும் முன் அதன் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'எம்பெடட்' (எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே சேர்ந்தது) அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் பயன்படுத்தாத பெயர் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், மூன்றாவது கேள்வியில் பார்த்த சத்தமில்லாத மாற்றம் எங்கோ நடந்திருக்கிறது. ஒரே பிராக்கெட்டின் மேல்துண்டு ஒரு எழுத்துருவிலும் நீட்சி வேறொன்றிலும் இருந்து வந்தால் அரை மில்லிமீட்டர் விலகி நிற்பதும் இதனால்தான்.

சந்தேகம் தீரவில்லை என்றால் பிராக்கெட் உள்ள பகுதியை மட்டும் அவுட்லைனாக, அதாவது எழுத்தல்லாத வெறும் வடிவமாக, மாற்றிக் கொடுக்கலாம். மாற்றிய பிறகு அதில் எழுத்தைத் திருத்த முடியாது. ஆகவே புரூஃபில் கையெழுத்து வாங்கிய பிறகே செய்யுங்கள். மூல ஃபைலை வேறு பெயரில் வைத்திருங்கள். வினாத்தாளில் மைனஸ் குறி விட்டுப்போயிற்று என்று டியூஷன் ஆசிரியர் மாலை ஏழு மணிக்கு வந்து நிற்பார்.